உர்சுலா எண்ணிச் சொன்ன காலைகள்

காலை ஐந்து ஐம்பத்தேழுக்குக் கைப்பேசி அடித்தது. வழக்கமாக ஆறு மணிக்குத்தான் அடிக்கும். கிள்ளான் வீட்டின் சமையலறையில், பள்ளிக் கேன்டீனுக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சம்பல் கிண்டிக்கொண்டிருந்த தனலெட்சுமி, "மூணு நிமிஷம் பொறுக்க முடியலையாக்கும் மகாராணிக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைக் குறைத்தாள்.

கைப்பேசி கூடத்தில் சார்ஜில் கிடந்தது. படுக்கையறையிலிருந்து கணவர் கமலநாதனின் குரல் வந்தது.

"தனம், போன்! உர்சுலாதான். கொண்டா."

திரையில் உர்சுலா என்றுதான் இருந்தது. நாலு வருஷமாகத் தினமும் காலையில் பார்க்கிற பெயர். பழகியிருக்க வேண்டும், பழகவில்லை. இன்றைக்கு நாமே எடுத்து, 'அவரு இன்னும் எழுந்திரிக்கல' என்று சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது. எடுத்தாள்.

"அங்கிள்?" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். அது உர்சுலாவின் குரல் இல்லை. "ஆன்டியா? நான் பிரெண்டா, ஆன்டி. உர்சுலா மக. அம்மா போயிட்டாங்க ஆன்டி. நேத்து சாயங்காலம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. கழுத்து எலும்பு முறிஞ்சு போச்சு. விடியக்காலை மூணே காலுக்கு…"

தனலெட்சுமி சார்ஜர் ஒயரைக் கழற்றினாள்.

"அம்மா போன் என்கிட்ட இருந்துச்சு. இப்ப அலாரம் அடிச்சுது. 'கமல், கவுன்ட்'னு எழுதியிருக்கு. அதான் சொந்தக்காரங்களுக்குக்கூட இன்னும் சொல்லல, முதல்ல உங்களுக்குக் கூப்பிட்டேன்."

சொந்தக்காரர்களுக்கு முன்னால். அந்த நேரத்திலும் அந்த வார்த்தை போய்த் தைத்த இடம் தனலெட்சுமிக்கு நன்றாகத் தெரிந்தது. "சரிம்மா, வரோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னவாம்? குடு இங்க" என்றார் உள்ளேயிருந்து.

வாசல்வரை போனாள். கமலநாதன் பக்கவாட்டில் ஒருக்களித்து, ஒரு கையை மெத்தையில் ஊன்றிக் காத்திருந்தார். வாயில் வந்தது அவள் யோசித்து வைத்த பேச்சு இல்லை.

"அவங்களுக்கு இன்னிக்கு முடியலையாம். நான் எண்றேன்."

*

கமலநாதனுக்கு அந்த நோய் வந்தபோது வயது முப்பத்தொன்று. போர்ட் கிள்ளானில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கும் கிளார்க். இடுப்பு வலி என்றார். எண்ணெய் தேய்த்தார்கள், நீவி விட்டார்கள், டிஸ்க் விலகியிருக்கிறது என்று ஒருவர் சொல்ல அதற்கும் வைத்தியம் பார்த்தார்கள். ஒன்பது வருஷம் கழித்துத்தான் ஒரு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி, விஷயத்தைச் சொன்னார். முதுகெலும்பின் மூட்டுகள் உள்ளுக்குள் அழன்று வீங்குகின்றன. வீங்கிய இடம் ஆறும்போது எலும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. நேராக ஒட்டினால் பிழைத்தோம். வளைந்து ஒட்டினால் வளைந்ததுதான்.

அதற்குள் பாதி ஒட்டியிருந்தது. அடுக்கி வைத்த பெட்டிகளை அண்ணாந்து படிக்க முடியாமல் போனதும் அவரை உள்ளே மேசை வேலைக்கு மாற்றினார்கள். வீக்கம் தணிக்கும் மாத்திரை, காலையும் மாலையும், சாப்பிட்டபின். நிறுத்தக்கூடாது. அதோடு உடற்பயிற்சி. மாத்திரை வலியைக் குறைக்கும். முதுகு கூன் போடாமல் இருக்கத் தினமும் நீட்டி மடக்கியே ஆக வேண்டும் என்றார்கள்.

கமலநாதன் மாத்திரையைப் போட்டார். பயிற்சியைச் செய்யவில்லை. காலையில் அவருடைய உடம்பு பலகைபோல் இறுகிக் கிடக்கும். தனலெட்சுமி கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, அவர் கழுத்துக்குக் கீழே கையை விட்டு, "ம்ம்" என்று மூச்சைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பாள். இருபது வருஷம். கல்யாண வீட்டுக்குப் போனாலும், மகள் ரவாங்கில் பிள்ளை பெற்றபோதும், இரவு தங்காமல் திரும்பினாள். 'அவரை யாரு தூக்குவா?' என்று கேட்பாள். கேட்கும்போது அவள் முகத்தில் அலுப்பு இருக்கும். அலுப்புக்கு அடியில் ஒரு கர்வமும் இருக்கும்.

உர்சுலா வந்தது அரசு மருத்துவமனையின் மூட்டு நோய்க் கிளினிக்கில். நம்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தவர். கணவர் இறந்து பத்து வருஷம். தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும் அதே நோய், இன்னும் முற்றியது. முதுகு முழுசாக வளைந்து, பார்வை எப்போதும் தரையில் இருந்தது.

"எனக்கு ஆளுங்களை முகம் பார்த்து அடையாளம் தெரியாதும்மா. செருப்புதான்" என்றாள் தனலெட்சுமியிடம். "உங்க செருப்பு நல்லாருக்கு. அங்கிள் செருப்பு மோசம்."

கமலநாதன் சிரித்தார். கிளினிக்கில் அவர் சிரித்து தனலெட்சுமி பார்த்ததில்லை.

"நான் கேள்விக்குறி" என்றாள் உர்சுலா. "நீங்க இன்னும் கமாதான். கமாவா இருக்கறப்பவே ஏதாவது பண்ணிக்குங்க லா. அப்புறம் எங்க கட்சிக்கு வந்துடுவீங்க."

பிசியோ வகுப்புக்கு இருவரும் ஒன்றாகப் போனார்கள். கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்பு நின்றபோது, உர்சுலா கூப்பிட்டாள். நான் எண்றேன், நீங்க செய்ங்க. நீங்க செய்யறது எனக்குக் கேக்கணும், ஏமாத்தாதீங்க. கட்டுப்பாடு போனது. அழைப்பு போகவில்லை.

சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டிருப்பார். வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் தனலெட்சுமிக்கு அந்தக் குரல் கேட்கும். பழைய ஆபரேட்டரின் குரல். ஒரு பிசிறு இருக்காது. "ஒண்ணு… மூச்சை இழுங்க… ரெண்டு… விட்டுடாதீங்க கமல்… மூணு."

கமல். இத்தனை வருஷத்தில் தனலெட்சுமி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பயிற்சி முடிந்ததும் உர்சுலா கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை?" வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறாள். கமலநாதன் சொல்வார்: "ஆறு." சில நாள் "எட்டு, உர்சுலா, எட்டு." அவளும் தன் எண்ணைச் சொல்வாள். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனம்தான் தனலெட்சுமிக்குத் தாங்காது. அதே கேள்வியை அவள் கேட்டால் கமலநாதன் சொல்லும் பதில் இருபது வருஷமாக ஒன்றே ஒன்று: "பரவால்ல."

இரண்டாவது மாதம் உர்சுலா அவருக்கு எழுந்திரிக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒருக்களித்துப் படு, முழங்காலை மடக்கு, காலைக் கட்டிலுக்கு வெளியே விடு, கையை ஊன்று. ஒரு நாள் காலை தனலெட்சுமி அறைக்குள் நுழைந்தபோது அவர் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் பாஸ் பண்ணிய பையனைப்போல அவளைப் பார்த்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். கை இரண்டும் வேலையில்லாமல் தொங்கின.

தன்னுடைய நேரான முதுகின்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்த காலம் அது. ஒரு நாள், "எனக்கும் ரெண்டு நாளா இடுப்பு பிடிச்சுக்கிட்டு வலிக்குதுங்க" என்றாள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "தைலம் தேய்ச்சுக்கோ" என்றார்.

*

ஜாமு என்ற நாட்டு மருந்துப் பொட்டலத்தை அவள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினாள். மைக்கில் ஒருவன் கூவிக்கொண்டிருந்தான்: முதுகு, மூட்டு, முழங்கால், எல்லாம் வேர், எல்லாம் இலை. பக்கத்தில் நின்ற பெண், தன் மாமியார் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னாள்.

கமலநாதனிடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொன்னால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். 'உர்சுலாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்' என்பார். அதனால் சொல்லவில்லை. காலைக் காப்பியில் ஒரு பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கினாள். மருத்துவமனை மாத்திரையும் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. வேர் மருந்துதானே, அது பாட்டுக்கு இது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஐந்தாம் நாளே தெரிந்தது. நடையில் ஒரு துள்ளல். பசித்துச் சாப்பிட்டார். கன்னம் பூசினாற்போல் ஆனது. ஒரு காலையில் சுவருக்கு அப்பால் கமலநாதன் சந்தோஷமாகக் கத்தினார்.

"உர்சுலா, இன்னிக்கு ரெண்டு! வெறும் ரெண்டு! நீங்க சொன்ன அந்த ஆறாவது பயிற்சி, கையை விரிச்சுத் திரும்பறது, அதான் வேலை செய்யுது!"

தனலெட்சுமி கையிலிருந்த கரண்டியை வாணலியில் போட்டாள். தன் மருந்து, பெயர் அவளுக்கு. மறுநாளிலிருந்து காப்பியில் இரண்டு பொட்டலம் விழுந்தது.

மூன்றாவது வாரம், பயிற்சியின் நடுவில் கமலநாதன் நிறுத்திவிட்டார். தலை சுத்துது உர்சுலா என்றார். உர்சுலா வேறொன்றும் பேசாமல், மலம் என்ன நிறம் என்று கேட்டாள். அவர் கூச்சத்தோடு, தார் மாதிரி கறுப்பாக என்றார், ரெண்டு நாளாக.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. போனை தனத்துகிட்ட குடுங்க."

தனலெட்சுமி வாங்கினாள்.

"ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்கம்மா" என்றாள் உர்சுலா. "கேக்குறேன், திட்டல. வேற ஏதாவது குடுக்குறீங்களா? ஜாமு, மாஜுன் லேகியம், அந்த மாதிரி?"

தனலெட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தாள்.

"சரி. மிச்சம் இருக்கிற பாக்கெட்டைக் கையில எடுத்துக்குங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க, கண்டிப்பாக் காட்டணும். கமல்கிட்ட நான் இதைப் பத்திப் பேச மாட்டேன்."

மருத்துவர் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு அது புதிதில்லை. இந்த மாதிரிப் பொட்டலங்களில் வேர்ப்பொடியோடு ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் இடித்துக் கலந்துவிடுகிறார்கள் என்றார். ஏற்கெனவே ஒரு மாத்திரை வயிற்றை அரித்துக்கொண்டிருக்கிறது. மேலே இதுவும் விழுந்தால் புண்ணாகாமல் என்ன செய்யும்? இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். மாத்திரையை மாற்றி, வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கமலநாதனிடம் தனலெட்சுமி சொன்னது, 'மாத்திரை சூடாம்' என்பது மட்டும்தான்.

உர்சுலா சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வருஷம் ஒரு வார்த்தை வெளியில் வரவில்லை. கிளினிக்கில் பார்த்தால், "தனம், புதுச் செருப்பா?" என்று அதே சிரிப்பு. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் தனலெட்சுமி திருப்பித் திட்டியிருப்பாள், இருவரும் சமமாகியிருப்பார்கள். அவருடைய வலியின் எண்ணை வைத்திருந்தவள், இப்போது இவளுடைய குற்றத்தையும் அல்லவா வைத்திருக்கிறாள்.

*

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தனலெட்சுமி எண்ணத் தொடங்கினாள். கையில் சம்பல் வாடை. அட்டவணை ஒன்றும் தேவைப்படவில்லை; ஏழு பயிற்சியும் சுவர் வழியாக அவளுக்கு மனப்பாடம்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"என்ன இப்படி ஓட்டுற? லோரி பிடிக்கவா போறோம்? உர்சுலா மாதிரி இழுத்து எண்ணு."

இழுத்து எண்ணினாள். செத்துப்போனவளிடம்கூடத் தோற்கிறேன் என்று நினைத்தாள். ஐந்தில் "விட்டுடாதீங்க" என்றாள். அடுத்த வார்த்தை, அவர் பெயர், நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவர் தோள்பட்டை நடுங்கி நடுங்கி விரிவதை நாலு வருஷத்தில் இப்போதுதான் நேரில் பார்க்கிறாள். குரல் மட்டும் கேட்டபோது அவருக்கு இவ்வளவு வலிக்கும் என்று தெரியவில்லை.

ஏழாவது முடிந்தது. அவர் கட்டில் விளிம்பில் மூச்சு வாங்கினார்.

"எத்தனைன்னு கேக்க மாட்டியா?"

"எத்தனை?"

"ஏழு."

அந்த ஒரு எண் அவளுக்குள் சர்க்கரைபோல் கரைந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருத்தி பிணமாகக் கிடக்கிறாள் என்பது தெரிந்தும் கரைந்தது. ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்தாள். அவர் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, தம்ளரைக் கீழே வைக்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்.

கமலநாதன் தம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எப்போ?"

"விடியக்காலை மூணே காலுக்கு."

"உனக்கு எப்போ தெரியும்?"

"போன் வந்தப்பவே."

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க அவர் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. ஆறு ஐம்பது.

"அவ செத்துக் கிடக்கறா. நான் இங்க கையை நீட்டி மடக்கிக்கிட்டு இருந்திருக்கேன்." கடிகாரத்திலிருந்து திரும்பி, "ஏழுன்னு சொன்னேன்ல, அது உனக்குச் சொன்னது இல்ல தனம். அவளுக்குச் சொல்லச் சொல்லி உன்கிட்ட சொன்னது."

கேன்டீனிலிருந்து ஆள் வந்து சம்பலை எடுத்துப்போனான். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை கொம்யூட்டர் ரயிலில் இருவரும் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். கமலநாதன் எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

*

உர்சுலாவின் வீடு தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கூடத்தில் பெட்டி. வளைந்த முதுகு படியாது என்பதால் கொஞ்சம் ஆழமான பெட்டியாகப் பார்த்து, தலைக்கும் தோளுக்கும் தலையணை அடுக்கியிருந்தார்கள். அதில் தலை உயர்ந்து, முகம் வாசலைப் பார்த்து இருந்தது. தனலெட்சுமி அந்த முகத்தை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள். இத்தனை நாள் அவளுக்குத் தெரிந்தது உர்சுலாவின் உச்சந்தலையும் வகிடும்தான். மூக்கு எடுப்பாக இருந்தது. அழகிதான். அதற்கும் வயிறு எரிந்தது.

கமலநாதன் பெட்டியருகே நின்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். தனலெட்சுமி பக்கம் திரும்பவில்லை.

பிரெண்டா வந்து தனலெட்சுமியின் கையைப் பிடித்தாள். முப்பது வயதிருக்கும், கண் வீங்கியிருந்தது.

"ஆன்டி, ஒரு ஹெல்ப் பண்றீங்களா? ரூம்ல கட்டிலை ஓரமா தள்ளணும், ஜெபத்துக்கு வரவங்க உக்கார இடம் இல்ல. கயிறு கட்டியிருக்கு, என் நகத்துக்கு அவிழ மாட்டேங்குது."

உள்ளே ஒற்றைக் கட்டில். கால்மாட்டுப் பக்க ஜன்னல் கிரில்லில் தடித்த நைலான் கயிறு ஒன்றைக் கட்டி, அதைக் கட்டில் காலிலும் ஒரு முடிச்சுப் போட்டு, மிச்சத்தை மெத்தைமேல் தலையணைவரை விட்டிருந்தார்கள். பிடிக்கிற நுனி கறுத்து வழுவழுவென்றிருந்தது.

"இது எதுக்கும்மா?"

"எழுந்திரிக்க. நான் தனி வீட்டுல இருக்கேன், அம்மாவைத் தூக்கிவிட ஆள் இல்லல்ல. இதைப் புடிச்சு இழுத்து இழுத்துத்தான் எழுவாங்க. அரை மணி நேரம் ஆகும் சில நாள். அஞ்சரைக்கே ஆரம்பிச்சாத்தான் ஆறு மணிக்கு அங்கிளைக் கூப்பிட முடியும்."

தனலெட்சுமி குனிந்து கயிற்றின் நுனியைப் பிடித்துப் பார்த்தாள்.

"உங்களைப் பத்தி நிறையச் சொல்வாங்க ஆன்டி." பிரெண்டாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. "நல்லதா மட்டும் இல்ல, சாரி. 'அந்தப் பொம்பளைக்குக் குடுத்து வைச்ச நேர் முதுகு, பக்கத்துல புருஷன், இன்னும் என்ன வேணுமாம்? போனை எடுத்தா மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்குது'ம்பாங்க."

"போன்ல மூஞ்சி எப்படித் தெரிஞ்சுதாம்?"

"ஆபரேட்டர் ஆச்சே. மூச்சு விடறதை வைச்சே சொல்வாங்க. ஒரு நாள் பயங்கரக் கோவம் அம்மாவுக்கு. 'கமலுக்குத் தானா எழுந்திரிக்கச் சொல்லிக் குடுத்தது என் முட்டாள்தனம் பிரெண்டா. என்னைத் தூக்க ஒரு தனம் இருந்தா, நான் கத்துக்கவே மாட்டேன். மகாராணி மாதிரி படுத்துக் கிடப்பேன்'னாங்க."

தனலெட்சுமி தரையில் உட்கார்ந்தாள். ஜன்னல் கிரில் முடிச்சை நகத்தால் நெம்பினாள். ஈரமும் இழுப்பும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது.

"கத்திரிக்கோல் கொண்டு வரட்டுமா ஆன்டி?"

"வேணாம்மா. வெட்டாத."

பல்லால் கடித்து இழுத்தபோது முடிச்சு லேசாக நெகிழ்ந்தது. விரலை நுழைத்துப் பிரித்தாள். கயிறு கிரில்லிலிருந்து விழுந்தது. கட்டில் காலுக்கு நகர்ந்து, அங்கிருந்த முடிச்சில் கையை வைத்தாள்.

கூடத்தில் ஜெபம் தொடங்க எல்லாரும் எழுந்திருக்கும் சத்தம். நாற்காலிகள் உராய்ந்தன. யாரோ, "அங்கிள், கையைக் குடுங்க, நான் தூக்கறேன்" என்றார்கள்.

"வேணாம் தம்பி. வீட்டுக்காரி வரட்டும்" என்றது கமலநாதனின் குரல். பிறகு சத்தமாக, "தனம்!"

அவள் எழுந்து போனாள். தாழ்வான நாற்காலியில் அவர் மடங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு முழங்காலை மடக்கி, கழுத்துக்குக் கீழே கையை விட்டாள்.

"எத்தனை?" என்று காதருகே கேட்டாள்.

"ஒம்பது" என்றார்.

மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

ஜெபம் முடிந்ததும் பெட்டியை எடுத்துவிட்டார்கள். கமலநாதனும் தனலெட்சுமியும் கூடவே போனார்கள். கட்டில் நகர்த்தப்படவில்லை. கிரில்லில் இருந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. கட்டில் காலில் இருந்தது அவிழவில்லை.